நிருபர் ஆக எவ்வளவு செலவாகும்?

(அச்சரப்பாக்கத்தில் பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர், நூலக வாசகர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு அம்மா என் வீடு தேடி வந்தார். கூடவே மகள், பிளஸ் டூ படிக்கிற பெண். அம்மா கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மகளிர் குழுக் கணக்கு எழுதுகிற நோட்டு அது. முன்பக்கம் முழுக்கச் சந்தா, தவணை, வட்டி. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். நடுவில் பென்சிலால் ஒரு கோடு. இடப்பக்கம் ‘செலவு’ என்று எழுதி, அதன் கீழே காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், ரயில், துணிமணி, லேப்டாப் என்று வரிசையாகப் போட்டு எதிரே தொகையும் எழுதியிருந்தார். வலப்பக்கம் ‘வரவு’. அதன் கீழே ஒன்றும் இல்லை. “இவ பத்திரிகைப் படிப்புதான் படிப்பேன்னு நிக்கிறாங்க. இந்தப் பக்கம் என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க பேப்பர்ல இருந்தவராச்சே, சொல்லுங்க” என்றார்.

அன்றைக்கு அவசரத்தில் நான் சொன்ன பதில் அரைகுறையானது. அந்த வலப்பக்கத்தை ஒழுங்காக எழுதிப் பார்க்கத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

வரவுக்குப் போகும் முன்னால் ஒன்று. நிருபர் ஆவதற்குப் பட்டம் வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வக்கீல் ஆக வேண்டுமென்றால் சட்டப் படிப்பு வேண்டும், பார் கவுன்சிலில் பதிய வேண்டும். பத்திரிகையாளருக்கு அப்படி எதுவும் கிடையாது. 2013இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, இந்தத் தொழிலுக்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்று வேண்டும் என்று சொல்லி ஒரு குழுவை அமைத்தார். விவாதம் நடந்தது, சட்டம் வரவில்லை. வராதது நல்லது என்பதுதான் என் கட்சி. கண்ணால் கண்டதை எழுதும் உரிமைக்குச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தால், அந்தச் சான்றிதழை யார் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்ற கேள்வி வந்துவிடும்.

சென்னையில் 1878 செப்டம்பரில் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் ‘தி இந்து’. அவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், சட்டம் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனுக்கு, 1904இல் மதுரையில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார் பாரதியார். கல்கி, ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர், திரு.வி.க.வின் நவசக்தியில் உட்கார்ந்து தொழில் பழகினார். கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். 1908இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ், கல்லூரிப் பட்டம் பெறாதவர். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு வந்தது 1947இல்.

அப்படியானால் இந்தப் பட்டமே வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் பட்டம் இல்லாமலே தொழில் கற்றார்கள் என்றால், கற்றுக்கொடுக்க யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம்.

எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மதுராந்தகத்தில் பகுதிநேர நிருபராகச் சேர்ந்த புதிது. ஐப்பசி மழை. ‘மதுராந்தகம் ஏரி நிரம்பியது, பொதுமக்கள் பீதி’ என்று எழுதி அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு டெஸ்க்கிலிருந்து போன். ஒரு மூத்த உதவி ஆசிரியர். குரலை உயர்த்தவே மாட்டார். “தம்பி, நிரம்பியதுன்னா எத்தனை அடி?” என்றார். தெரியவில்லை. “முழு உயரம் எத்தனை?” அதுவும் தெரியவில்லை. “நீ பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?” டீக்கடையில் சொன்னார்கள் என்றேன். “பீதின்னு எழுதியிருக்கியே, எந்த ஊர்க்காரருக்கு?” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை கரைமேல் நடந்து போய் அளவுகோலைப் பார்த்தேன். முழு உயரம் 23.3 அடி. இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. தண்ணீர் கலங்கல் தாண்டினால் கிளியாற்றில்தான் இறங்கும். ஆகவே பயப்பட வேண்டியவர்கள் ஏரிக்கரைக்காரர்கள் இல்லை, கிளியாற்றங்கரை ஊர்க்காரர்கள். அவர்கள் எப்போது மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் செய்தி. அந்த ஒரு போன் பேச்சில் நான் கற்றது மூன்று கேள்வி: எத்தனை, யார் சொன்னது, நீ பார்த்தாயா. அதற்கு அந்தப் பத்திரிகை என்னிடம் ஃபீஸ் வாங்கவில்லை. வெளியான செய்திக்குக் காசும் கொடுத்தது.

இன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. டெஸ்க்கில் பத்துப் பேர் செய்த வேலையை நாலு பேர் செய்கிறார்கள். புதிதாக வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்திக் காட்ட யாருக்கும் நேரம் இல்லை. வரும்போதே எழுதத் தெரிய வேண்டும், வீடியோ வெட்டத் தெரிய வேண்டும், தலைப்பு போடத் தெரிய வேண்டும் என்கிறார்கள். முன்பு நிறுவனம் தன் கைக்காசில் கற்றுக்கொடுத்ததை இப்போது பெற்றோர் தங்கள் கைக்காசில் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவின் இடப்பக்கத்தில் இருந்த தொகை இப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தது. பட்டத்தின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடமாற்றத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு.

எதிர்த் திசையில் நின்ற உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. ஆனந்த விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம். கல்லூரியில் எந்தப் படிப்பு படிக்கிறவராக இருந்தாலும் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு வருஷம் எழுதவைத்தார்கள். தாவரவியல் படித்தவரும் கணக்கு படித்தவரும் அந்த வழியாகத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குள் வந்தார்கள். பணம் கட்டச் சொல்லவில்லை. தமிழ் இதழியலுக்கு நடந்த பெரிய நன்மைகளில் அது ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

சரி, செலவுப் பக்கத்துக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘விஸ்காம்’ வேறு, இதழியல் வேறு. விஸ்காமில் புகைப்படம், விளம்பரம், குறும்படம், எடிட்டிங் எல்லாம் வரும். செய்தி எழுதுவது அதில் ஒரு பங்குதான். பிள்ளை பத்திரிகையாளர் ஆவார் என்று நினைத்து விஸ்காமில் சேர்த்துவிட்டு, மூன்றாம் வருஷம் கேமரா வாங்கிக் கொடுக்க நகையை வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை வாங்கி, செய்தி சேகரிப்பு, சட்டம், செய்தி திருத்தம் இவை எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. தனியார் நிறுவனங்களின் ஓராண்டு முதுநிலைப் பட்டயத்துக்கு லட்சங்களில் ஆகும். சென்னை ஆசிய இதழியல் கல்லூரி போன்ற இடங்களின் பயிற்சி தரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேவைப்படுவோருக்கு அங்கே உதவித்தொகையும் உண்டு, கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசும் 2025இல் கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த வாசலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நோட்டில் அந்த அம்மா எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ ஐ.டி.ஐ. முடித்த பக்கத்து வீட்டுப் பையன் சம்பளம் வாங்குகிற அதே மாதங்களில், இந்தப் பெண் சம்பளம் வாங்கப் போவதில்லை. வராத அந்தப் பணமும் படிப்பின் செலவுதான். அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுத ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருஷப் பட்டத்துக்கு 36,000. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது. பேருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அது தாங்கும்.

இப்போது கடன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் சாய்கிற இடம் இதுதான். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதனால் வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் மகளோடு சேர்ந்து அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுகிறார்கள், கடன் இருவருக்கும்தான். ஓராண்டுப் படிப்புக்கு 5 லட்சம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம், வட்டி 10 சதவீதம். படிக்கிற ஒரு வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஓடும். இரண்டு வருஷத்தில் வட்டி 1 லட்சம். ஆக, திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் 6 லட்சம். ஏழு வருஷத் தவணை போட்டால் மாதம் 9,960 ரூபாய் வரும்.

முதல் சம்பளம் கைக்கு 20,000 என்று வையுங்கள். தமிழ்ச் செய்தித் துறையில் புதிதாகச் சேர்கிறவருக்கு நான் தாராளமாகவே போடுகிறேன். சென்னையில் பகிர்ந்துகொள்ளும் அறை, சாப்பாடு, பெட்ரோல், போன் என்று 11,000 ஆனால் மிச்சம் 9,000. தவணைக்கே 960 ரூபாய் பற்றாது. அம்மாவுக்கு மருந்து வாங்க, தீபாவளிக்கு ஊருக்கு வர எதுவும் இல்லை. அதே கடன் ஒன்றரை லட்சமாக இருந்தால் தவணை 3,000க்குள் முடிந்துவிடும். மூச்சு விடலாம்.

இந்த ஊர்ப் பெயருக்குக் காரணமான கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முப்புரம் எரிக்கக் கிளம்பிய ஈசனின் தேர், பிள்ளையாரை வணங்காமல் புறப்பட்டதால் அச்சு இற்று நின்ற இடம். அச்சு இறு பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயில் வாசலில் அச்சுமுறி விநாயகர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கிளம்பிய தேர் அது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்தத் தவணைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று இந்த மண்ணில் நின்று சொல்வதைவிட வேறெங்கே நின்று சொல்வேன்?

தவணை பற்றி நான் இவ்வளவு கவலைப்படக் காரணம் வீட்டுக் கஷ்டம் மட்டும் இல்லை. ‘கவர்’ என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் குறிப்புத் தாளோடு சேர்த்து ஒரு வெள்ளைக் கவர் கை மாறும். அதைத் தொடாமல் எழுந்து வருகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மாதம் பத்தாயிரம் தவணை நிற்கிற பிள்ளை முன்னால் அந்தக் கவரை வைப்பது கொடுமை. முதல் தடவை மறுப்பார், இரண்டாம் தடவையும் மறுப்பார். வங்கியிலிருந்து போன் வந்த வாரத்தில் என்ன செய்வார்? கடன் இல்லாமல் வேலைக்கு வந்த நிருபருக்கு “முடியாது” என்று சொல்லுகிற தெம்பு இருக்கும். ஆகவே படிப்புக்கு எவ்வளவு கடன் என்ற கேள்வி நாளைக்கு நாம் படிக்கப் போகிற செய்தியையும் தொடுகிறது.

சம்பளத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011 நவம்பரில் அறிவிக்கையாயின. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பரிந்துரைகள் செல்லும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்குச் சம்பளமாக வந்து சேர்ந்தவர்கள் குறைவு. நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை ஆகிவிட்டது; ஊதியக் குழு வேண்டாம் என்று எழுதி வாங்கிய இடங்களும் உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டு, டிவியிலும் இணையத்திலும் வேலை செய்கிறவரையும் பத்திரிகையாளர் என்ற விளக்கத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான். வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நியமனக் கடிதத்தில் ‘ஒப்பந்தம்’ என்று இருக்கிறதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இதெல்லாம் சென்னையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு. நம் தாலுகாவில் இருக்கிற நிருபருக்கு? நான் இருந்த ஒரு பத்திரிகையில் வெளியான செய்தியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து காசு கொடுத்தார்கள். மாசக் கடைசியில் என் செய்திகளை எல்லாம் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுவேன். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து ஓரத்தில் எழுதுவேன். கூட்டிப் போட்டு அனுப்பினால் மூன்று மாதம் கழித்து மணியார்டர் வரும். பஸ் காசு, போன் காசு தனியாகக் கிடையாது. ஒருமுறை செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு வெளியே போக முடியாமல் கிடந்த இருளர் குடும்பங்களைப் பற்றி எழுத நாலு நாள் அலைந்தேன். எட்டு சென்டிமீட்டர் வந்தது. அதே வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதிய செய்திக்கு, நின்ற இடத்திலிருந்து போனில் சொன்னதற்கு, பதினான்கு சென்டிமீட்டர்.

அச்சரப்பாக்கம் என்றால் பேப்பரில் விபத்து மட்டுமே வருவது ஏன் என்று இங்கே ஒரு பெரியவர் முன்பு என்னிடம் கோபமாகக் கேட்டார். காரணம் அந்த ஸ்கேல்தான் ஐயா. விபத்து தானாக நடக்கும், போலீஸ் ஸ்டேஷனில் விவரம் கிடைக்கும், செலவில்லை. ஏரி ஆக்கிரமிப்பை எழுத அடங்கல் பார்க்க வேண்டும், கிராம வரைபடம் பார்க்க வேண்டும், பத்து நாள் ஆகும். பத்து நாளுக்குக் கூலி யார் கொடுப்பது?

வரவுப் பக்கத்தில் பணத்தைத் தவிர எழுத ஒன்றும் இல்லையா என்றால், மாமல்லபுரத்தைப் பாருங்கள். 2021இல் அங்கே கோயில் அன்னதானப் பந்தியில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதை ஒரு நரிக்குறவர் பெண் கேமராவைப் பார்த்துக் கேள்வியாகக் கேட்டார். சில நிமிட வீடியோதான். அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளி அன்று, நவம்பர் 4ஆம் தேதி, முதலமைச்சர் அவர் வசித்த பூஞ்சேரிக்கு நேரில் போய்ப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். பல வருஷம் மனு கொடுத்துக் கிடைக்காதது அது. அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை கேமராவைப் பிடித்தபடி நின்ற கைக்கு என்ன வரவு எழுதுவீர்கள்? நான் எழுதச் சொன்னால் பெரியதாகவே எழுதுவேன். ஆனால் அதை வங்கியில் கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லட்சக்கணக்கில் கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் தொழிலுக்கு வருவார்கள் என்றால், சூளையும் குப்பமும் கிளியாற்றங்கரையும் செய்தியில் வராது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. மதகுக்கும் கலங்கலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்க மாட்டார். அதனால்தான் இந்த ஊர்ப் பிள்ளைகளை நான் போகாதே என்று தடுக்க மாட்டேன். போகிற வழியைத்தான் மாற்றிச் சொல்கிறேன்.

முதல் பட்டம் இதழியலாக இருக்க வேண்டாம். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், சட்டம், விவசாயம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு பொருளை ஆழத் தெரிந்துகொண்டு வாருங்கள். கிராமப்புற இந்தியாவை எழுதிய பி. சாய்நாத் படித்தது வரலாறு. என். ராம் வரலாறு படித்துவிட்டுத்தான் கொலம்பியாவில் இதழியல் படிக்கப் போனார். பட்ஜெட் படிக்கத் தெரிந்தவர், மருத்துவமனைக் கணக்கு படிக்கத் தெரிந்தவர், நிலப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர் எந்த டெஸ்க்கிலும் கிடைப்பதில்லை. எழுத்து ஒத்துவராவிட்டால் அந்தப் பட்டம் வேறு வேலைக்கும் கைகொடுக்கும். போட்டித் தேர்வும் எழுதலாம். மூன்று வருஷம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால், அப்போது ஓராண்டு இதழியல் படியுங்கள். உதவித்தொகை கிடைக்கிற இடத்தில், அல்லது தவணை முதல் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாத இடத்தில்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய். நம் பேரூராட்சி போன வருஷம் கால்வாய் தூர்வார எவ்வளவு செலவு செய்தது என்று ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு அந்தக் கால்வாய் ஓரமாக நடந்து பாருங்கள். காகிதத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று எழுதுங்கள். லட்சம் கட்டிப் படிக்கிற கல்லூரியிலும் முதல் மாதத்தில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

அந்த அம்மாவும் மகளும் திரும்ப வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அம்மா வலப்பக்கத்தில் பென்சிலால் 20,000 என்று எழுதி, பக்கத்திலேயே ‘நாலு வருஷம் கழிச்சு’ என்று போட்டுக்கொண்டார். மகள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். காலையில் பள்ளி நேரத்துக்கு வருகிற பேருந்து அவர்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். முதல் வரி ‘மாணவர்கள் கடும் அவதி’. நான் அதன் ஓரத்தில் மூன்று கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: எத்தனை பேர், டிரைவரிடம் கேட்டாயா, எத்தனை நாள் நீயே நின்று பார்த்தாய்?

அந்தப் பெண் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் நின்று எண்ணியிருக்கிறார். ஆறு நாள் பேருந்து நிற்கவில்லை. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் பதினேழு பேர். டிரைவரிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. நாளைக் காலையில் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.